நாய்க்கு நாள்கணக்கு, பூனைக்கு வெளிச்சக்கணக்கு

"பத்து நாள் மாடியிலேயே அடைச்சு வெச்சிருந்தேன் தம்பி. ரத்தம் நின்னுபோச்சு, இனி பயமில்லைன்னு பதினோராம் நாள் காலையில கீழே விட்டேன்."

பக்கத்துத் தெரு அக்கா இதைச் சொன்னபோது அவர் வீட்டு லேப்ரடார் படிக்கட்டுக்கு அடியில் ஏழு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தது. ஏழில் ஒன்றுகூட லேப்ரடார் ஜாடையில் இல்லை. நான்கு செவலை, மூன்று கறுப்பு வெள்ளை. தெருமுனை டீக்கடை வாசலில் படுத்துக்கிடக்கும் இரண்டு கடுவன் நாய்களை உரித்து வைத்தது போல இருந்தன.

அக்காவைக் கவனக்குறைவு என்று குறை சொல்ல முடியாது. பத்து நாள் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கியவர் அவர். போட்ட கணக்குதான் தப்பு. பெண்களின் மாதவிடாய்க் கணக்கை நாய்க்குப் போட்டுவிட்டார். நாய் வளர்க்கும் வீடுகளில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

பெண்ணுக்கு இரத்தப்போக்கு என்பது ஒரு சுழற்சியின் முடிவு. கரு தங்கவில்லை, கருவைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் சரிந்துவிட்டது, கருப்பையின் உள்சுவர் உரிந்து வெளியேறுகிறது. நாய்க்கு இரத்தம்தான் தொடக்கம். சினைப்பையில் முட்டைகள் வளர ஆரம்பித்ததும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறுகிறது. கருப்பையின் சுவர் தடிக்கிறது, அதன் நுண்ணிய குழாய்களிலிருந்து சிவப்பணுக்கள் கசிகின்றன. எதுவும் உரிந்து விழவில்லை. வரப்போகிற விருந்தாளிக்கு வீட்டை வெள்ளையடிக்கிறார்கள், அதில் நாலு சொட்டு வாசலில் சிந்துகிறது, அவ்வளவுதான்.

இந்த வெள்ளையடிப்புக் கட்டம் சராசரியாக 9 நாள். மூன்றே நாளில் முடிவதும் உண்டு, 17 நாள் இழுப்பதும் உண்டு. இந்த நாட்களில் ஆண் நாய்கள் வாசலில் கூடிவிடும், ஆனால் பெட்டை இடம் கொடுக்காது. உட்கார்ந்துகொள்ளும், உறுமும், திரும்பிக் கடிக்கும். பிறகு போக்கு வெளிறி, வைக்கோல் ஊறிய தண்ணீரின் நிறத்துக்கு வரும். வீங்கி இறுகியிருந்த பெண்குறி தளரும். இடுப்பில் கையை வைத்தால் வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். இதுவும் சராசரியாக 9 நாள். கரு தங்குவது இந்தக் கட்டத்தில்தான். அதாவது, இரத்தம் குறைந்தது என்று நாம் கதவைத் திறக்கும் நேரம்தான் கதவைப் பூட்ட வேண்டிய நேரம். முதல் சொட்டைப் பார்த்த நாளிலிருந்து மூன்று வாரமாவது காவல் வேண்டும். வீக்கம் முழுதாக வற்றும்வரை, நான்கு வாரம் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. சில பெட்டைகளுக்குப் போக்கு கடைசிவரை சிவப்பாகவே இருக்கும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது.

நாயின் முட்டையும் கொஞ்சம் வினோதமானது. பெரும்பாலான பாலூட்டிகளில் சினைப்பையிலிருந்து வெளிவரும் முட்டை கருவுறத் தயாராக இருக்கும். நாய்க்கோ அது பிஞ்சாக வருகிறது. கருக்குழாயில் இன்னும் இரண்டு மூன்று நாள் கிடந்து முற்ற வேண்டும். ஆணின் விந்தணு அதுவரை காத்திருக்கும். பெட்டையின் உடலுக்குள் ஐந்து முதல் ஏழு நாள் வரை அது உயிரோடு இருக்கக்கூடியது. திங்கட்கிழமை சேர்ந்த நாய்க்கு வெள்ளிக்கிழமை கரு உண்டாகலாம். அதற்கு இடையில் புதன்கிழமை இன்னொரு ஆண் வந்திருந்தால் ஒரே ஈற்றில் இரண்டு அப்பன்களின் குட்டிகள் பிறக்கலாம். டீக்கடை வாசலில் இருவர் படுத்திருப்பதற்கு விளக்கம் இதுதான்.

சினைக்காலம் பற்றிய குழப்பமும் இங்கே தெளிகிறது. சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் ஒரு நாய் 57ஆம் நாளும் குட்டி போடும், இன்னொரு நாய் 72ஆம் நாளும் போடும். முட்டை வெளியான நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாம் 63ஐ ஒட்டியே வந்து நிற்கும். நாயின் உடல் கணக்கில் கறாராகத்தான் இருக்கிறது. நாம்தான் தவறான நாளிலிருந்து எண்ணுகிறோம்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களிடம் கேட்டால் "பதினொண்ணாம் நாள் ஒரு கிராஸ், பதிமூணாம் நாள் ஒரு கிராஸ்" என்பார்கள். பரவலான வழக்கம் இது. பல பெட்டைகளுக்குப் பலிக்கவும் செய்யும், ஏனென்றால் சராசரி அந்தப் பக்கம்தான் விழுகிறது. ஆனால் உங்கள் வீட்டுப் பெட்டை சராசரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எட்டாம் நாளே முட்டை விட்டுவிடும் நாயும் உண்டு, இருபதைத் தாண்டும் நாயும் உண்டு. பல நூறு கிலோமீட்டர் வண்டி வைத்து ஆண் நாயிடம் கொண்டுபோய், இரண்டு முறை சேர்த்தும் சினை நிற்கவில்லை, "பெட்டை மலடு" என்று முத்திரை குத்தப்பட்ட நாய்களில் கணிசமானவற்றுக்கு நாள்தான் தவறியிருக்கும்.

நாளைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, பஞ்சுக்குச்சியால் லேசாகத் துடைத்து, கண்ணாடித் தகட்டில் உருட்டி, சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது. ஒருமுறை டாக்டர் என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். முதல் நாள் தகட்டில் உருண்டையான சிறு செல்கள், நடுவில் பெரிய கரும்பொட்டு, சுற்றிலும் பொடி மணலாகச் சிவப்பணுக்கள். ஐந்து நாள் கழித்து அதே நாயின் தகடு முழுக்க உடைத்துப்போட்ட அப்பளத் துண்டுகள்: தட்டையாக, முனை முனையாக, பொட்டு மறைந்து. ஈஸ்ட்ரோஜன் உச்சிக்கு ஏறிவிட்டது என்று அந்த அப்பளம் சொல்கிறது. இன்றைக்கா நாளைக்கா என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் இரண்டாவது வழி, இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவு. ஆரம்பத்தில் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்கும் கீழே கிடக்கும். 2, 3 என்று ஏறும்போது மூளையிலிருந்து, முட்டையை வெளியேறத் தூண்டும் எல்எச் ஹார்மோன் பாய்கிறது. 5ஐ ஒட்டி வரும்போது முட்டை வெளியாகிறது. அதிலிருந்து இரண்டு மூன்று நாள் கழித்துச் சேர்த்தால் சரியாக இருக்கும்.

இளம் பெட்டைகளிடம் இன்னொரு ஏமாற்றும் உண்டு. இரத்தம் வரும், வீங்கும், ஆண்கள் வரும், திடீரென்று எல்லாம் நின்றுவிடும். வீட்டார் முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஆரம்பிக்கும். முதலாவது ஒத்திகை, இரண்டாவதுதான் நாடகம்.

சேர்ந்த நாய்கள் பின்னிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கல்லெறியாத தெருவும் தண்ணீர் ஊற்றாத வீடும் குறைவு. ஆண்குறியின் அடிப்பகுதி உள்ளே சென்றபின் பந்தாக வீங்கிவிடுகிறது. அது தானாக வடியும்வரை இரண்டும் பிரிய முடியாது. ஐந்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். அடித்துப் பிரித்தால் இரண்டுக்கும் காயம்தான் மிச்சம். விந்து முதல் சில நிமிடங்களிலேயே போய்விட்டது, ஆகவே கருவைத் தடுக்கவும் அது உதவாது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு மிக விசித்திரமாகப் படும் பகுதி. மனிதர்களில் கரு தங்காவிட்டால் இரண்டு வாரத்தில் உடல் கடையைக் கட்டிவிடும். நாயின் உடலுக்கு அந்தச் சேதியே போவதில்லை. சினையான நாய்க்கும் சினையாகாத நாய்க்கும் ஏறக்குறைய இரண்டு மாதம் ஒரே மாதிரி புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. கடைசியில் அது இறங்கும்போது பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஏறுகிறது. அதனால்தான் ஆண் நாயின் வாடையே படாத பெட்டைக்கும் மடி கனத்து, பால் கட்டி, செருப்பையும் பொம்மையையும் கவ்விக்கொண்டு போய்க் கட்டிலடியில் குட்டியாகப் பாவித்து உறுமிக்கொண்டு படுப்பது நடக்கிறது. பொய்ச்சினை என்பது இதுதான். பைத்தியமும் இல்லை, ஏக்கமும் இல்லை. மடியைப் பிழியாமல், நக்கவிடாமல் இருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே வற்றும்.

ஒவ்வொரு இனச்சேர்க்கைப் பருவத்திலும் இப்படி இரண்டு மாதம் கருப்பை புரோஜெஸ்டிரோனில் ஊறுவதற்கு ஒரு விலை உண்டு. சுவர் தடித்து, சுரப்பு தேங்கி, கிருமி புகுந்தால் கருப்பையே சீழ்ப்பையாகிவிடும். வயதான, குட்டி போடாத பெட்டை, பருவம் முடிந்து நாலைந்து வாரத்தில் சோறு வேண்டாம் என்கிறது, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது என்றால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டிய விஷயம் அது. கருப்பையின் வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். மூடியிருந்தால் சீழ் வெளியே தெரியாது, வயிறு வீங்கலாம். பருவம் வராமலிருக்கவும், "தப்பு நடந்ததை"க் கலைக்கவும் போடப்படும் ஹார்மோன் ஊசிகள் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. 'ஒரு ஊசி போட்டால் போதும்' என்று யார் சொன்னாலும் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ஒரு பருவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக ஏழு மாதம். ஐந்தும் இருக்கலாம், பன்னிரண்டும் இருக்கலாம். பசென்ஜி, திபெத்திய மஸ்டிப் போன்ற சில இனங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வரும். ஓநாயின் வழக்கமும் அதுதான். பின்பனியில் சேர்ந்து, இரை பெருகும் வசந்தத்தில் ஈனும். மனிதனின் குப்பைமேடும் சோற்றுத்தட்டும் வருடம் முழுக்கக் கிடைத்தபின் நாய்க்கு அந்தக் கட்டு தளர்ந்துவிட்டது. வீட்டு நாய்க்கு மாதம் இன்னது என்று கிடையாது.

தெருநாய்க்கு மட்டும் அந்தக் கட்டு முழுக்க அறுந்துபோகவில்லை. "ஐப்பசி மாசத்து நாய்" என்று ஒரு ஊரில் திட்டுவார்கள், "மார்கழி மாசத்து நாய்" என்று இன்னொரு ஊரில். மாதம் ஊருக்கு ஊர் மாறினாலும் அந்த வசவு ஒரு கவனிப்பிலிருந்து பிறந்தது. மேற்கு வங்கத்தில் தெருநாய்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், மழைக்காலத்திலும் அதன் கடைசியிலும் சேர்ந்து, குளிர்காலத்தில் குட்டி போடும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. அங்கே 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைக் கணக்கெடுத்து 2016இல் வெளியான ஆய்வு, ஏழாம் மாதம்வரை தப்பியவை 19 சதவீதம்தான் என்கிறது. இறப்புகளில் 63 சதவீதத்துக்கு மனிதரே காரணம்: வண்டிச் சக்கரம், விஷம், அடி, தாயிடமிருந்து தூக்கிப்போவது. ஒரு ஜோடி நாயிலிருந்து ஆறு ஆண்டில் 67,000 நாய் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த 19தான் நினைவுக்கு வரும். பிறந்த குட்டியெல்லாம் பிழைக்கும், பிழைத்ததெல்லாம் ஈனும் என்று எண்ணினால்தான் அந்தத் தொகை வரும்.

கருத்தடை செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சென்னையில் பிராணிநல அமைப்பான ப்ளூ கிராஸ் 1964இலேயே இதைத் தொடங்கியது. மாநகராட்சி 1996இல் சேர்ந்துகொண்டது. பிடித்து, அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் விட வேண்டும் என்பதுதான் 2023ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளும் சொல்வது. என் மனக்குறை காலத்தைப் பற்றியது. பெரும்பாலான பெட்டைகள் மழையோடு பருவத்துக்கு வருமென்றால் வேலை கோடையில் முடிந்திருக்க வேண்டும். நம் ஊர்களில் யாரையாவது நாய் கடித்துச் செய்தி வந்த பிறகுதான் வண்டி கிளம்புகிறது. அப்போது பிடிபடுவதில் பல சினையாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருக்கும்.

இனி பூனை. இது முற்றிலும் வேறு உலகம்.

அக்கா வீட்டில் பூனையும் உண்டு. இரவு இரண்டு மணிக்குப் பச்சைக்குழந்தை வீரிடுவது போல அது கத்த, அக்காவின் அம்மா எழுந்து விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாராம். பகலில் தரையில் புரளுகிறது, முன்னங்காலை மடித்து, பின்பக்கத்தைத் தூக்கி, பின்னங்காலால் மிதிக்கிறது. முதல்முறை பார்ப்பவர்கள் விஷம் தின்றுவிட்டது, இடுப்பு உடைந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். முதுகைத் தடவிப் பாருங்கள், வால் ஒரு பக்கம் போனால் நோய் இல்லை, பருவம். பூனைக்குப் பருவத்தில் இரத்தம் வராது. வந்தால் அதுதான் நோய்.

பூனையின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். இருட்டில் மூளை சுரக்கும் மெலடோனின் அதன் சினைப்பையை அடக்கி வைக்கும். பகல் 12 மணி, 14 மணி என்று நீளும்போது மெலடோனின் குறைந்து சினைப்பை விழித்துக்கொள்ளும். லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரத்தை ஒட்டித்தான். அங்கே பூனை அக்டோபருக்குப் பிறகு அடங்கி, ஜனவரி கடைசி, பிப்ரவரியில்தான் மறுபடி குரல் கொடுக்கும். நம் பக்கம் அப்படி ஓய்வு கிடையாது. சென்னையில் மிகக் குறுகிய பகலே 11 மணி 20 நிமிடத்தை ஒட்டி. மிக நீண்டது 13 மணிக்குச் சற்றுக் குறைவு. யாழ்ப்பாணத்தில் இந்த வித்தியாசம் இன்னும் சுருங்கும். இதோடு இரவு பதினொன்றுவரை எரியும் டியூப்லைட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூனைக்கு நாம் நிரந்தரக் கோடையை ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறோம்.

நாய் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் முட்டையை விட்டுவிடும். பூனை பெரும்பாலும் சேர்ந்த பிறகே விடும். நாய் கூட்டத்தில் வாழும் பிராணி. பூனையின் மூதாதை பாலைநிலத்தில் தனியாகத் திரிந்தது. கடுவன் என்றைக்கு எதிர்ப்படும் என்று தெரியாதபோது முட்டையை வீணாக்குவானேன்? கடுவனின் குறியில் பின்னோக்கிய சிறு முட்கள் உண்டு. சில நொடிகளில் எல்லாம் முடிந்து அது விலகும்போது பெட்டை அலறித் திரும்பி அறைவது அதனால்தான். அந்தத் தூண்டல் மூளைக்குப் போய், எல்எச் பாய்ந்து, ஒன்று இரண்டு நாளில் முட்டை வெளியாகிறது. ஒரே ஒரு சேர்க்கை பல சமயம் போதாது. மூன்று நான்கு முறை வேண்டியிருக்கும். பெட்டையும் ஒரே கடுவனோடு நிற்பதில்லை. ஒரு ஈற்றில் கறுப்பு, சாம்பல், செம்பட்டை எல்லாம் கலந்து கிடக்க இதுவும் ஒரு காரணம்.

கடுவன் கிடைக்காவிட்டால்? முட்டைகள் வளர்ந்து, வெளியாகாமலே சுருங்கும். ஒரு வாரம் கத்தல், ஒன்றிரண்டு வாரம் அமைதி, மறுபடி கத்தல். அக்காவின் அம்மா விபூதி டப்பாவைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டதில் தப்பில்லை. சினை பிடித்தால் 63 முதல் 67 நாள். நான்கு குட்டி, ஐந்து குட்டி. "குட்டி போட்ட பூனை மாதிரி" என்று நிலைகொள்ளாமல் அலைபவரைச் சொல்கிறோம். அந்த அலைச்சலுக்கு நடுவிலேயே, குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே, அது மறுபடி பருவத்துக்கு வந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. பால் கொடுப்பது பூனைக்கு நம்பகமான தடுப்பே இல்லை.

முதல் பருவமும் நாம் நினைப்பதைவிட முன்னாலேயே வருகிறது. ஐந்தாறு மாதப் பூனை நம் கண்ணுக்குக் குட்டி, கடுவன் கண்ணுக்கு இல்லை. அதனால் நான்கு மாதத்திலேயே கருத்தடை செய்துவிடலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். நாய் விஷயம் இவ்வளவு நேராக இல்லை. கருத்தடை செய்யாத நாய்க்கு உள்ள மார்புக் கட்டி ஆபத்தை நூறு என்று வைத்தால், முதல் பருவத்துக்கு முன் செய்த நாய்க்கு அதில் 0.5 சதவீதம், ஒரு பருவத்துக்குப் பின் 8, இரண்டுக்குப் பின் 26 என்று 1969ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வின் எண்களை இன்றும் கிளினிக்குகளில் சொல்வார்கள். 2012இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் சான்று பலவீனமானது என்றார்கள். பெரிய இன நாய்களுக்கு மிகச் சிறு வயதில் செய்தால் மூட்டுக் கோளாறு கூடலாம் என்ற கவலையும் சேர்ந்திருக்கிறது. நாள் பார்ப்பதில் மட்டும் குழப்பமில்லை. பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, உடல் அமைதியாக இருக்கும்போது செய்வது நல்லது. பருவத்தின் நடுவில் இரத்தக்குழாய்கள் பருத்திருக்கும். பொய்ச்சினை ஓடும்போது செய்தால் பால் சுரப்பு மாதக்கணக்கில் அடங்காமல் போவதுண்டு.

குட்டி எடுக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளில் ஒரு வரம்பு இருக்கிறது. பெட்டைக்கு 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும், எட்டு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது.

அக்காவும் நானும் டாக்டரிடம் போய் உட்கார்ந்தோம். குட்டிகள் பால் மறந்து, மடி வற்றி, இன்னும் ஆறு வாரத்தில் லேப்ரடாரைக் கூட்டிவாருங்கள் என்று தேதி எழுதிக் கொடுத்தார். "பூனை கத்துதுன்னு சொன்னீங்களே, அதை நாளைக்கே கொண்டாங்க." மறுநாள் காலை கூடையோடு போனேன். பூனையைக் காணோம். முந்தாநாள் ராத்திரியிலிருந்தே சாப்பிட வரவில்லையாம்.